இன்னும் 157 ஆட்டம் இருக்கு

2024 ஏப்ரல் 4, வியாழக்கிழமை பிற்பகல். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் வட்டாரத்தில், ஃப்ளஷிங்கில், என் அத்தை வீட்டுச் சமையலறை. மேசை மீது ஒரு பழைய வானொலி. அதில் பேஸ்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் பதினொன்று வரை இழுத்தது. கடைசியில் டெட்ராய்ட் டைகர்ஸ் 6, நியூயார்க் மெட்ஸ் 3. புதிய பருவம் தொடங்கி மெட்ஸ் ஆடிய ஐந்தாவது ஆட்டம் அது. ஐந்திலும் தோல்வி.

மாமா வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். கையிலிருந்த பென்சிலை மெல்ல மேசையில் வைத்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தினமும் காலையில் நான்கு மணி நேரம் மைக் முன்னால் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். மழையோ நெரிசலோ, கேட்கிறவரைச் சிரிக்க வைத்து வேலைக்கு அனுப்புவதுதான் என் தொழில். அன்று ஒரு வார்த்தை வரவில்லை.

"இன்னும் 157 ஆட்டம் இருக்கு," என்றார் மாமா. "நீ போய் சட்டை மாத்திக்கம்மா. ரெண்டாவது ஆட்டத்துக்குக் கிளம்பணும்."

அந்த வாரம் இரண்டு நாள் மழையால் ஆட்டம் நடக்கவில்லை. அதை ஈடுகட்ட வியாழக்கிழமை ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்திருந்தார்கள். மழை என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாமா தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவர். மூன்று நாள் வானம் மூடியிருந்ததற்கு அத்தை அலுத்துக்கொண்டபோது, "தைப்பிங்காரனுக்கு மழை காட்டுறியா?" என்று கேட்டார். ஜனவரிக்குப் பிறகு அவர் சொன்ன முதல் நகைச்சுவை அதுதான் என்று அத்தை பிறகு என்னிடம் சொன்னார்.

ஜனவரியில்தான் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், கொஞ்சம் பேச்சு. உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் வீடு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவர் வெளியே போக மறுத்தார். தொலைபேசியை எடுக்க மறுத்தார். வார்த்தை குழறுகிறது என்ற வெட்கம். அத்தை எனக்கு அழைத்து, "ரெண்டு வாரம் வந்து இருந்துட்டுப் போடா. நீ பேசினா அவரு பதிலாவது சொல்வாரு" என்றார். விடுப்பு கேட்டேன், கிடைத்தது, போனேன். பேச்சுத் துணைக்காகப் போனவளுக்கு, அந்த வீட்டில் பேச்சைவிட வேறொன்று நடந்துகொண்டிருந்தது என்று போன பிறகுதான் தெரிந்தது.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட், தினமும் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் எண்களையும் எழுத்துகளையும் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார். கோடு தாண்டக்கூடாது. மாமா கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து தன் பழைய பேஸ்பால் கணக்குப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். கட்டம்தானே வேண்டும், இதில் இருக்கிறது என்று.

பேஸ்பாலில் ரசிகர்களே ஆட்டத்தைத் தாளில் எழுதிக்கொள்ளும் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு அணியில் ஒன்பது பேர், ஒரு ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ். ஆக ஒரு அணிக்கு 81 கட்டங்கள். களத்தில் நிற்பவர்களுக்கு எண் உண்டு. பந்து எறியும் பிச்சர் 1, அவருக்கு எதிரே குந்தியிருக்கும் கேட்சர் 2, இப்படியே போய் வலது மூலையில் நிற்பவர் 9. '6-4-3' என்று கட்டத்தில் எழுதினால், யார் பந்தை எடுத்து யாருக்கு எறிந்து யார் முடித்தார் என்று பத்து வருடம் கழித்தும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். மட்டையைச் சுழற்றியும் பந்து படாமல் ஆட்டமிழந்தால் 'கே' என்ற ஆங்கில எழுத்து. சுழற்றாமல் பார்த்துக்கொண்டே நின்று ஆட்டமிழந்தால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். ஒருவர் நான்கு முனையையும் சுற்றி வந்தால் கட்டத்துக்குள் இருக்கும் சின்ன வைரத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும்.

"ரெண்டு அணிக்கும் சேத்து எத்தனை கட்டம், சொல்லு?" என்று மாமா கேட்டார். 162. ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் ஆடுவதும் அதே 162 ஆட்டங்கள்தான். தற்செயல்தான். ஆனாலும் கணக்குப் பிடித்த மனிதர்களுக்கு இந்த மாதிரித் தற்செயல்களில் ஒரு சந்தோஷம்.

மார்ச் 29ஆம் தேதிப் பக்கத்தை எனக்குக் காட்டினார். பருவத்தின் முதல் ஆட்டம், மில்வாக்கி புரூவர்ஸிடம் 3-1 என்று தோல்வி. எண்கள் கட்டத்தை விட்டு வெளியே சரிந்து கிடந்தன. எட்டும் மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. முதல் வகுப்புப் பிள்ளையின் நோட்டுப்போல. தோல்வியை அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதி வைத்திருந்தார் மனிதர்.

மாமா எப்படி மெட்ஸ் ரசிகரானார் என்பதைச் சொன்னால்தான் இந்த 157 கணக்கு புரியும். அத்தைக்குத் தாதி வேலை கிடைத்து 1986இல் இருவரும் நியூயார்க் போனார்கள். மாமாவுக்கு ரயில் நிலையத்தில் டோக்கன் விற்கும் வேலை கிடைத்தது. ஆட்ட நாள்களில் நீலமும் ஆரஞ்சும் அணிந்த கூட்டம் அவர் கண்ணாடிச் சன்னலைக் கடந்து போகும். அந்த அக்டோபரில் மெட்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸை வென்று உலகத் தொடர் கிண்ணத்தைத் தூக்கியது. "வந்த வருஷமே கிண்ணம். இந்த ஊர்ல இது வருஷா வருஷம் வரும்போலன்னு நெனச்சேன்" என்பார். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த அணிக்கு ஒன்று கூடக் கிடைக்கவில்லை.

சிரிக்காதீர்கள். 1992இல் தோமஸ் கிண்ணத்தை வென்றபோது தெருவில் கூச்சலிட்ட நம் அப்பாக்களும் அடுத்ததற்கு இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒலிம்பிக் தங்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

அத்தை வீட்டிலிருந்து அரங்கத்துக்கு ரயிலில் ஒரே நிறுத்தம். ஊதா வட்டத்தில் 7 என்று எழுதிய ரயில். மன்ஹாட்டனிலிருந்து கிளம்பி, குவீன்ஸுக்குள் வந்ததும் பெரும்பாலும் தூண்கள் மேல் ஓடி, வீடுகளின் மாடிச் சன்னல்களை எட்டிப் பார்த்துக்கொண்டே போகும் வழித்தடம். ஜாக்சன் ஹைட்ஸில் புடவைக் கடையும் நகைக் கடையும். கொரோனாவில் ஸ்பானிய மொழிப் பெயர்ப்பலகைகள். கடைசி நிறுத்தமான ஃப்ளஷிங்கில் இறங்கினால் சீன, கொரியக் கடைகள். பெட்டாலிங் தெருவில் நிற்கிறோமோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அன்று நாங்கள் எதிர்த்திசையில் ஏறினோம். மின்தூக்கியில் இறங்கி, நடைமேடையில் மெல்ல நடந்து, பெட்டிக்குள் உட்கார்ந்து மாமா மூச்சு வாங்குவதற்குள் அரங்கம் வந்துவிட்டது. ஜனவரிக்குப் பிறகு மருத்துவரைப் பார்க்கத் தவிர அவர் வெளியே வந்தது அன்றுதான்.

அந்த இடத்துக்கே ஒரு கதை உண்டு. இப்போது பூங்காவும் அரங்கங்களும் இருக்கும் அந்தச் சுற்றுவட்டாரம் ஒரு காலத்தில் நகரத்தின் சாம்பல் மேடு. புரூக்ளின் அடுப்புகளின் சாம்பலைக் கொண்டுவந்து மலையாகக் குவித்த இடம். எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1925இல் எழுதிய 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலில் வரும் சாம்பல் பள்ளத்தாக்கு இதை வைத்து எழுதப்பட்டதுதான். பிறகு சாம்பலை அகற்றிப் பூங்கா அமைத்து, இரண்டு முறை உலகக் கண்காட்சி நடத்தினார்கள். 1964 கண்காட்சிக்காகச் செய்த பிரம்மாண்டமான எஃகு உலக உருண்டை இன்னும் பூங்காவில் நிற்கிறது. அதே வருடம்தான் மெட்ஸுக்கு இங்கே 'ஷே' அரங்கம் கட்டப்பட்டது. 2009இல் பக்கத்திலேயே இப்போதைய சிட்டி ஃபீல்ட் திறந்தபோது பழையதை இடித்துக் கார் நிறுத்துமிடமாக ஆக்கிவிட்டார்கள். ஆனால் பழைய ஆடுகளத்தின் நான்கு முனைகளும் எங்கே இருந்தன என்று தரையில் குறி பதித்திருக்கிறார்கள். வேறொரு நாள் அதைத் தேடிப்போனேன். அடித்து ஆடுபவர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது.

மெட்ஸின் நீலமும் ஆரஞ்சும் கூட, விட்டுப்போனவர்களின் நிறங்கள்தான். 1957 பருவத்தோடு புரூக்ளின் டாட்ஜர்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும் ஊரைவிட்டுக் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டன. ஐந்து வருடம் கழித்துப் பிறந்த புதிய அணி, ஒன்றிடமிருந்து நீலத்தையும் மற்றதிடமிருந்து ஆரஞ்சையும் எடுத்துக்கொண்டது. 1962இல் அதன் முதல் பருவம். முதல் ஒன்பது ஆட்டங்களிலும் தோல்வி. மொத்தம் 40 வெற்றி, 120 தோல்வி.

நாங்கள் உட்கார்ந்தபோது எலும்பைத் துளைக்கும் குளிர். சுமார் 42,000 பேர் உட்காரும் அரங்கத்தில் வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். லகார்டியா விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் விமானங்கள் தலைக்கு மேல் தாழப் பறந்தன. அத்தை கொடுத்தனுப்பிய பொடி இட்லியை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு சட்டைக்கு மேல் ஒரு குளிரங்கி, அதற்கு மேல் அத்தையின் சால்வை என்று நான் சுருண்டு உட்கார்ந்தேன். மாமா புத்தகத்தைத் திறந்தார்.

பள்ளியில் ரவுண்டர்ஸ், சாப்ட்பால் ஆடியவர்களுக்கு ஆட்டம் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி பொறுமை. இன்னிங்ஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று போகிறது, மெட்ஸ் தரப்பில் ஒருவராலும் பந்தை ஒழுங்காக அடிக்க முடியவில்லை. ஒரு அணியை முழு ஆட்டத்துக்கும் ஒரு அடி கூட அடிக்கவிடாமல் முடிப்பது பேஸ்பாலில் அபூர்வமான சாதனை. டெட்ராய்ட் அதைத்தான் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏழு இன்னிங்ஸ் முடிந்தும் மெட்ஸின் கணக்கில் ஒரு அடி இல்லை. ஆட்டம் 1-0 என்று டெட்ராய்ட் பக்கம். எனக்கு முன்னால் இருந்த இரண்டு இளைஞர்கள் எழுந்து போனார்கள். ஐந்து தோல்விக்கு மேல் ஆறாவது, அதுவும் இப்படி ஒரு அவமானத்தோடு.

நான் மாமாவின் புத்தகத்தைப் பார்த்தேன். மெட்ஸ் பக்கத்தில் ஒரு வைரம் கூட நிரம்பவில்லை. கே, கே, திருப்பிப் போட்ட கே. ஆனால் ஒன்று கவனித்தேன். அந்தத் திருப்பிப் போட்ட எழுத்து அழகாக, கட்டத்துக்குள்ளேயே நின்றிருந்தது.

அவர் ஒவ்வொரு கட்டத்தையும் எழுதி முடிக்க நேரமாகும். அதற்குள் அடுத்தவர் வந்து இரண்டு பந்து போயிருக்கும். தலையைத் தூக்கி, "என்னாச்சு?" என்பார். முதலில் நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே தொழில் பேச ஆரம்பித்துவிட்டது. "இடது பக்கம் உயரமா அடிச்சாரு மாமா, ஏழாம் நம்பர் ஓடி வர்றாரு, பிடிச்சிட்டாரு." மாமா எழுதுவார். நான் அடுத்ததைச் சொல்வேன். விதிகளே முழுதாகத் தெரியாத ஒருத்தியின் தமிழ் வர்ணனை, ஒரே ஒரு நேயருக்கு. பக்கத்து வரிசைப் பெரியவர் ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் புன்னகைத்தார்.

எட்டாவது இன்னிங்ஸில் ஹாரிசன் பேடர் ஒரு அடி அடித்தார். கோல் அடித்த மாதிரிக் கைதட்டினோம், ஒரு ஓட்டம் கூட வரவில்லை. ஒன்பதாவதில் பீட் அலோன்சோ வந்தார். பந்து மட்டையில் பட்ட சத்தம் மற்ற சத்தங்கள் மாதிரி இல்லை. வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. ஹோம் ரன். 1-1. மெட்ஸ் ஹோம் ரன் அடித்தால் மைதானத்தின் நடுக்கோடியில் ஒரு ராட்சச சிவப்பு ஆப்பிள் மேலெழும். அதைப் பற்றி மாமா எனக்கு என் சின்ன வயதிலிருந்தே சொல்லியிருக்கிறார். நேரில் பார்த்தது அன்றுதான். கூட்டம் குறைவு என்பதால் சத்தம் தனித்தனி ஆட்களின் குரலாகக் கேட்டது.

மாமா ஆப்பிளைப் பார்க்கவில்லை. குனிந்து வைரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். மெதுவாக, மூலையிலிருந்து மூலைக்கு, ஒரு இடம் விடாமல். "சொல்லும்மா, அடுத்தது சொல்லு" என்றார். சொன்னேன். டைரோன் டெய்லர் அடித்த அடியில் இன்னொரு ஓட்டம் வந்து ஆட்டம் முடிந்ததையும் நான்தான் சொன்னேன், என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. மெட்ஸ் 2, டெட்ராய்ட் 1. அந்த வருடம் பொறுப்பேற்ற நிர்வாகி கார்லோஸ் மெண்டோசாவுக்கு முதல் வெற்றி.

மெட்ஸ் வானொலியில் ஹோவி ரோஸ் என்று ஒருவர் இருக்கிறார். குவீன்ஸில் வளர்ந்தவர், பல வருடங்களாக அந்த அணியின் குரல். மெட்ஸ் ஜெயித்தால் ஆட்டத்தைப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ஒரு வாசகம் சொல்வார், ஊரே அதற்காகக் காத்திருக்கும். அவர் ஆட்டங்களைக் கேட்டு நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். எங்கள் அலைவரிசையில் மூன்று வினாடி மௌனம் விழுந்தால் யாராவது ஓடி வருவார்கள். பேஸ்பால் வானொலியில் வர்ணனையாளர் சும்மா இருப்பார். கூட்டத்தின் முணுமுணுப்பு, கடலை விற்பவரின் குரல், தூரத்தில் ஒரு விமானம். பிறகு ஒரு பந்து. தினமும் மூன்று மணி நேரம், ஆறு மாதம், அதில் எதையும் அவசரப்படுத்த முடியாது.

இந்த ஆறு மாதம் என்பதுதான் நம்மைப் போன்ற காற்பந்து வீட்டுக்காரர்களுக்குப் பிடிபடாத விஷயம். பிரீமியர் லீக்கில் ஒரு அணிக்கு 38 ஆட்டம். முதல் ஐந்தும் தோற்றால் பயிற்றுநரின் வேலை போய்விடும். பேஸ்பாலில் ஐந்து தோல்வி, காற்பந்துக் கணக்கில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல். ஒரு வருடத்தோடு ஒப்பிட்டால் ஜனவரி 11 வரைதான் வந்திருக்கிறோம். 2024இல் உலகத் தொடரை வென்ற டாட்ஜர்ஸ் கூட அந்தப் பருவத்தில் 64 ஆட்டம் தோற்றது. பத்து முறையில் ஏழு முறை ஆட்டமிழப்பவர் நட்சத்திர ஆட்டக்காரர். தோற்றால் துக்கம் கொண்டாட அவகாசமே இல்லை, நாளைக்கு ஏழு மணிக்கு அடுத்த ஆட்டம்.

மறுநாள் காலை, கோயிலுக்குப் போனோம். போன் தெருவில் இருக்கும் ஃப்ளஷிங் கணபதி கோயில், 1977இல் குடமுழுக்குக் கண்டது. 2022இல் அந்தத் தெருப்பகுதிக்குக் கணேஷ் கோயில் தெரு என்றே நகரம் கூடுதலாகப் பெயர் சூட்டியிருக்கிறது. கோயிலுக்குக் கீழே சிற்றுண்டிச்சாலை. தோசையைப் பிட்டு வாயில் வைக்கும்போது மேசை ஆடியது. ரயிலோ லாரியோ என்று நினைத்தோம். நிலநடுக்கம். நியூ ஜெர்சியில் மையம், 4.8 ரிக்டர். நியூயார்க்கில் அவ்வளவு பெரிய அதிர்வு அடிக்கடி வருவதில்லை. எல்லோரும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்க, மாமா சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "மெட்ஸ் ஒரு ஆட்டம் ஜெயிச்சதுக்கே இப்படின்னா" என்றார். வார்த்தை குழறியது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எதிர் மேசைத் தெலுங்குக் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் இன்னொரு முறை சொன்னார்.

தோசைக்குப் பிறகு காப்பி, காப்பிக்குப் பிறகு 1969. மெட்ஸ் தன் வரலாற்றில் முதல் எட்டுப் பருவங்களின் தொடக்க ஆட்டத்திலும் தோற்றிருக்கிறது. எட்டாவது, 1969. எதிரணி மாண்ட்ரியல் எக்ஸ்போஸ், அன்றுதான் பிறந்த அணி, அதன் வரலாற்றிலேயே முதல் ஆட்டம். அதனிடம் 11-10 என்று தோற்றார்கள். அந்த வருடம்தான் மெட்ஸ் தன் முதல் உலகத் தொடரை வென்றது. 1973இல் ஆகஸ்ட் கடைசியிலும் பிரிவில் கடைசி இடம். அரையாண்டு வரை மோசமாக வீசிக்கொண்டிருந்த டக் மெக்ராவ் என்ற பிச்சர், நம்பியே ஆக வேண்டும் என்று கத்திக்கொண்டு திரிந்தார். அணி பிரிவை வென்று உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது. அந்த முழக்கம் இன்றும் சட்டைகளில் அச்சாகிறது. மாமாவிடம் அப்படி ஒரு சட்டை இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"நம்பிக்கை இல்லாத நாள்லயும் நான் போயிருக்கேன்மா. அதுக்கு என்ன சட்டை?" என்றார்.

நான் கோலாலம்பூர் திரும்பினேன். நியூயார்க்குக்கும் நமக்கும் அந்த மாதங்களில் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அங்கே இரவு ஏழு மணி ஆட்டம், இங்கே காலை ஏழு மணி, நான் ஒலிபரப்புக் கூடத்தில். பாட்டு ஓடும்போது எண்ணிக்கையைப் பார்ப்பேன். ஆட்டம் முடிந்ததும் புலனத்தில் ஒரு படம் வரும், மாமாவின் அன்றைய பக்கம். வேறு செய்தி எதுவும் இருக்காது. தோற்ற நாளும் வரும்.

மே மாதம் தோற்ற நாள்கள்தான். மே 29 அன்று டாட்ஜர்ஸிடம் 10-3 என்று உதை. 22 வெற்றி, 33 தோல்வி. அன்று ஆட்டம் முடிந்ததும் பிரான்சிஸ்கோ லிண்டோர் தலைமையில் ஆட்டக்காரர்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அன்றைய பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டு, எட்டாக இருந்தது.

பிறகு நடந்ததை விளையாட்டுப் பிரியர்கள் அறிவார்கள். ஜூன் 12 அன்று மெக்டொனால்ட்ஸின் ஊதா நிறப் பொம்மை கிரிமேஸ் வந்து சடங்குக்காக முதல் பந்தை எறிந்தது, அணி தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்தது, ஊரே ஊதாவுக்கு மாறியது. காரணம் பொம்மை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் அதை உரக்கச் சொல்லவில்லை. நம் ஊரில் தேங்காய் சரியாக உடைந்தால் மகிழ்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. செப்டம்பர் 30, அட்லாண்டாவில், புயலால் தள்ளிப்போன ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் முன்னிலையைப் பிடித்து, அதே இன்னிங்ஸில் தொலைத்து, ஒன்பதாவதில் லிண்டோரின் ஹோம் ரன்னால் 8-7. அடுத்த சுற்றுக்குத் தகுதி. நமக்கு அப்போது அக்டோபர் முதல் நாள் விடியற்காலை. நான் வேலைக்குக் கிளம்பும் நேரம், ஒரு காலில் காலணியோடு வரவேற்பறையில் குதித்தேன். மூன்று நாள் கழித்து மில்வாக்கியில், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், 2-0 என்று பின்தங்கியிருந்தபோது, அதே அலோன்சோ மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். அது என் நிகழ்ச்சி முடிகிற நேரம். மைக் மூடியிருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

ஃபிலடெல்ஃபியாவை வென்றார்கள். டாட்ஜர்ஸிடம் ஆறு ஆட்டத்தில் தோற்றார்கள். உலகத் தொடருக்கு ஒரு படி முன்னால் முடிந்தது. மாமாவின் புத்தகத்தில் இடம் தீர்ந்து, கடைசி ஆட்டங்களை அத்தையின் மளிகைக் கணக்கு நோட்டில் கோடு போட்டு எழுதியிருந்தார்.

இதோடு நிறுத்தினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் 2025 என்று ஒரு வருடம் இருக்கிறது. ஹுவான் சோட்டோவை 15 வருடத்துக்கு 765 மில்லியன் டாலருக்கு வாங்கினார்கள். தொடக்கம் அமர்க்களம். ஜூன் நடுவில் 45 வெற்றி, 24 தோல்வி. நான் புலனத்தில் பட்டாசுப் படங்கள் அனுப்பினேன். மாமா குரல் பதிவில் பதில் போட்டார்: "ஜூன் மாசம்தாம்மா. வெடிய எடுத்து வை." அதன் பிறகு சரிவு. கடைசி நாள், செப்டம்பர் 28, மயாமியில் 4-0 என்று தோற்று, 83 வெற்றி 79 தோல்வியில் முடித்தார்கள். சின்சினாட்டிக்கும் அதே எண்ணிக்கை, ஆனால் நேருக்கு நேர் மோதியதில் அவர்கள் கை ஓங்கியிருந்ததால் இடம் அவர்களுக்கு. ஐந்தும் தோற்றுத் தொடங்கிய வருடம் அரையிறுதி மாதிரி ஒரு இடம், அமோகமாகத் தொடங்கிய வருடம் வெறுங்கை. டிசம்பரில் அலோன்சோவும் பால்டிமோர் அணிக்குப் போய்விட்டார்.

அன்றும் பக்கத்தின் படம் வந்தது. மெட்ஸ் பக்கத்தில் ஒரு வைரம் கூட நிரம்பவில்லை.

மாமாவின் கையைப் பற்றிக் கேட்பீர்கள். முழுதாகத் திரும்பவில்லை. எழுத்து கட்டத்துக்குள் நிற்கிறது, ஆனால் சட்டைப் பொத்தானை இன்னும் அத்தைதான் போட்டுவிடுகிறார். குளிர் நாளில் விரல்கள் மடங்குவதில்லை. மருத்துவர் இனிமேல் பெரிய முன்னேற்றம் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருப்பதாக அத்தை சொன்னார். மாமா அதை என்னிடம் சொல்லவில்லை. பிசியோதெரபி மட்டும் செவ்வாயும் வெள்ளியும் நடக்கிறது.

போன வாரம் புலனத்தில் ஒரு படம். புதிய கணக்குப் புத்தகம், முதல் பக்கம், 162 கட்டங்களும் காலி. மேலே 2026 என்று எழுதியிருந்தார். ஆறு மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மார்ச் கடைசியில் தொடக்க ஆட்டம். வழக்கம்போல் பகல் ஆட்டமாக இருந்தால் நமக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணி. நான்கு மணிக்கு எழுந்து வேலைக்குப் போக வேண்டியவள் நான். கைப்பேசியில் மணி வைத்திருக்கிறேன். அத்தை காணொளியில் அழைத்து, வானொலி பக்கத்தில் கைப்பேசியை வைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். மாமா எழுதும்போது யாராவது அடுத்ததைச் சொல்ல வேண்டுமாம்.